பெற்றோர் பணிவிடை: பயானில் கேட்பதும் வீட்டில் செய்வதும்

பெற்றோரின் சிறப்பைப் பற்றிப் பேசாத ஜும்ஆ மேடை நம் சமுதாயத்தில் இல்லை. பனூ இஸ்ராயீல் அத்தியாயத்தின் 23, 24ஆம் வசனங்களை நம் பிள்ளைகள் மதரஸா வயதிலேயே மனனம் செய்துவிடுகின்றனர். முதுமை எய்திய தாய் தந்தையரிடம் சலிப்பின் மிகச் சிறிய ஒலியைக்கூட வெளிப்படுத்தலாகாது என்பது நம்மில் எவருக்கும் புதிய செய்தி அன்று. நிக்காஹ் மேடையிலும் பட்டமளிப்பு விழாவிலும் உம்மாவையும் வாப்பாவையும் நினைத்துக் கண்கலங்காத பிள்ளைகளும் நம்மிடையே மிகக் குறைவு.

ஆயினும் ஒரு கேள்வியை நமக்குள் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. நம் உம்மா நாள்தோறும் எத்தனை மாத்திரை உட்கொள்கிறார்கள், எது எதற்கு என்று கேட்டால், தாளைப் பார்க்காமல் பதில் சொல்லக்கூடிய பிள்ளைகள் நம்மில் எத்தனை பேர்? வாப்பாவின் இரத்த அழுத்தம் கடைசியாக எப்போது அளக்கப்பட்டது? அவர்களுக்கு இடது காது கேட்கிறதா? இரவில் எத்தனை முறை எழுந்து கழிப்பறைக்குச் செல்கிறார்கள்?

நம் கருத்து இதுதான். நம் சமுதாயத்தில் பெற்றோர் மீதான மரியாதைக்குப் பஞ்சம் இல்லை. பஞ்சம் இரண்டே விஷயங்களில் உள்ளது. ஒன்று, முதுமையைப் பற்றிய அறிவு. மற்றொன்று, பணிவிடையை நேர்மையாகப் பங்கிட்டுக்கொள்ளும் மனம். இவ்விரண்டும் இல்லாத மரியாதை, முதியவரின் உடல்நலத்தைக் காப்பதில்லை.

பெற்றோருக்குக் கொடுப்பது தர்மம் அன்று

மார்க்கச் சட்டத்தில் நாம் அனைவரும் அறிந்த ஒரு விதி உண்டு. நம் ஜகாத் பணத்தை நம் பெற்றோருக்குக் கொடுக்க இயலாது. அண்ணன் தம்பிக்கும் அக்காள் தங்கைக்கும், அவர்கள் ஏழைகளாயின், கொடுக்கலாம். பெற்றோருக்குக் கூடாது. ஏன்? வறுமையில் உள்ள தாய் தந்தையரின் உணவும் உடையும் மருத்துவமும் வசதியுள்ள பிள்ளையின் மீது ஏற்கெனவே கடமையாகிவிட்டன. தாம் செலுத்தியே தீரவேண்டிய கடனை ஜகாத் கணக்கில் எழுதிக்கொள்ள எவருக்கும் உரிமை இல்லை. ஆகவே, மாதந்தோறும் ஊருக்கு அனுப்பும் பணத்தை ‘உம்மாவுக்குக் கொடுக்கிறேன்’ என்று பெருமையாகச் சொல்லும்போது, அது அவர்களின் ஹக்கு என்பதை நாம் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

அந்தப் பணமும் கடமையின் ஒரு பகுதியே. வளைகுடா நாடுகளில் உழைக்கும் மக்களால் தழைத்த ஊர்கள் நம்மிடம் பல உள்ளன. அந்த உழைப்பை எவரும் குறைத்துப் பேச இயலாது. எனினும், பணம் மருந்து வாங்கும். வேளை தவறாமல் அதை எடுத்துக்கொடுக்காது. பணம் குளியலறைக்குப் பளிங்குத் தரை போடும். அதில் வழுக்கி விழுபவரைத் தாங்கிப் பிடிக்காது.

யூசுஃப் (அலை) அவர்களின் வரலாற்றை நாம் பொறுமைக்கும் கற்புக்கும் எடுத்துக்காட்டாகச் சொல்கிறோம். அதில் முதிய தந்தை ஒருவரின் வரலாறும் உள்ளது. மகனை எண்ணி எண்ணி யஃகூப் (அலை) அவர்களின் பார்வை மங்கியது. அவர்கள் அதே பெயரை மீண்டும் மீண்டும் சொல்வதைக் கேட்டு உடனிருந்த பிள்ளைகள் சலித்துக்கொண்டனர். மகனின் வாடையை உணர்வதாக அவர்கள் சொன்னபோது, முதுமையால் புத்தி தடுமாறிவிட்டதாக எண்ணிவிடாதீர்கள் என்ற அச்சத்துடனேயே சொல்ல வேண்டியிருந்தது. அருகிலிருந்தோர் அப்படியேதான் பேசினர். எகிப்தில் உயர்ந்த பதவியில் இருந்த மகன் முதலில் தம் சட்டையை அனுப்பினார்; குடும்பம் முழுவதையும் தம்மிடம் அழைத்துவரச் சொன்னார்; பெற்றோரை உயர்ந்த ஆசனத்தில் அமர்த்தினார். வெளிநாட்டில் வாழும் ஒரு மகனின் கடமை என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேறு வேண்டுமா? ஒரே கதையைப் பத்தாம் முறை சொல்லும் வாப்பாவை இடைமறித்து, ‘இதைத்தான் நேற்றும் சொன்னீர்கள்’ என்று முகம் சுளிக்கும் நமக்கும் அதில் பாடம் உண்டு.

பணிவிடை யார் மீது கடமை?

இனிச் சொல்லப்போவது சிலருக்குக் கசக்கலாம். ஆனாலும் சொல்லாமல் இருக்க இயலவில்லை.

நம் வீடுகள் பலவற்றில் மாமனார், மாமியாரின் முழுப் பணிவிடையும் மருமகளின் தலையில்தான் விழுகிறது. மகன் வெளிநாட்டிலோ கடையிலோ இருப்பார். மகள்கள் கட்டிக்கொடுத்த வீட்டிலிருந்து வாரம் ஒருமுறை வந்து, உம்மாவின் தலையணை உறை அழுக்காக இருப்பதைக் குறை சொல்லிவிட்டுப் போவார்கள். படுக்கையைத் துவைப்பதும் டயாபர் மாற்றுவதும் இரவில் விழித்திருப்பதும் அந்த ஒரு பெண்ணுக்கே எழுதிவைத்தவை. அவளுடைய சொந்த உம்மா வேறு ஊரில் நோயுற்றிருந்தாலும் சென்று பார்க்க அவளுக்கு நேரம் இராது.

மார்க்கம் இதைப் பற்றி என்ன சொல்கிறது? பெற்றோருக்கு நன்மை செய்யும் கடமை, அவர்கள் பெற்ற பிள்ளைகளின் மீதே உள்ளது. மகன் மீதும் உண்டு, மகள் மீதும் உண்டு. கணவனின் பெற்றோருக்குப் பணிவிடை செய்வது மனைவியின் மீது மார்க்கச் சட்டப்படி கடமை அன்று. அவள் செய்தால் அது இஹ்ஸான். அல்லாஹ்விடம் பெரும் கூலிக்குரிய நற்செயல். கணவன் நன்றி பாராட்ட வேண்டிய உபகாரம். தன் மீதுள்ள கடமையை மனைவியின் மீது ஏற்றிவிட்டு, அவள் அதில் தவறினால் கண்டிப்பதும், செய்தால் நன்றி சொல்லாதிருப்பதும் எந்தக் கிதாபிலும் இல்லாத சட்டம்.

‘காலங்காலமாக இப்படித்தானே நடந்துவருகிறது’ என்று சிலர் கேட்கக்கூடும். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் பெண்பிள்ளை தாய்வீட்டிலேயே வாழ்கிறாள். மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வருகிறார். இலங்கையின் கிழக்குக் கரையிலும் இதே வழக்கம் உண்டு. அங்கெல்லாம் முதுமையில் உம்மாவைப் பார்த்துக்கொள்பவள் பெற்ற மகள். உள்நாட்டு ஊர்களிலோ மருமகள். ஒரே மார்க்கத்தைப் பின்பற்றும் நம்மிடையே ஊருக்கு ஊர் இது மாறுகிறது என்றால், இது வழக்கம் என்பது விளங்குகிறது. வழக்கத்தை நாம் திருத்திக்கொள்ளலாம்.

மருமகள்கள் ஒதுங்கிக்கொள்ளட்டும் என்பது நம் வாதம் அன்று. ஒரே கூரையின் கீழ் வாழும்போது அன்பும் உதவியும் இயல்பாகவே பெருகவேண்டும். நாம் கேட்பது பங்கீடு மட்டுமே. நான்கு பிள்ளைகள் இருந்தால் நால்வரும் உட்கார்ந்து பேசட்டும். உடனிருந்து பார்ப்பவர் யார், மருத்துவரிடம் அழைத்துச் செல்பவர் யார், செலவை ஏற்பவர் யார், உடனிருப்பவருக்கு மாதத்தில் சில நாட்கள் ஓய்வு கொடுக்க வருபவர் யார் என்று எழுதி வைத்துக்கொள்ளட்டும். தூக்கமின்றி மாதக்கணக்கில் பணிவிடை செய்பவர் தாமும் நோயாளியாகிறார். அவருடைய சலிப்பு முதியவர் மீதுதான் கொட்டும். வசதியுள்ளோர் கூலி கொடுத்து ஓர் உதவியாளரை வைத்துக்கொள்வதில் மானக்கேடு எதுவும் இல்லை. கூலி வாங்கும் கையிடம் முற்றிலுமாக ஒப்படைத்துவிட்டு எட்டிப் பாராதிருப்பதே மானக்கேடு.

‘வயதானால் அப்படித்தான்’ என்னும் சொல்

முதியோரின் நலத்துக்கு மிகப் பெரிய தீங்கு செய்யும் சொல் எதுவெனில், ‘வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும்’ என்பதே ஆகும். மனிதன் பலவீனத்திலிருந்து பலத்துக்கும், பலத்திலிருந்து மீண்டும் பலவீனத்துக்கும் செல்வது இறைவன் வகுத்த நியதி. எலும்புகள் நலிந்துவிட்டதையும் தலை நரைத்துவிட்டதையும் ஸகரிய்யா (அலை) அவர்கள் தம் இறைவனிடம் முறையிட்டார்கள். ஆனால் நியதியான நலிவு வேறு. மருந்தால் தீரக்கூடிய நோய் வேறு. இரண்டையும் ஒன்றாக்கி, தீரக்கூடிய நோயைத் தீர்க்காமல் விடுவதற்குப் பொறுமை என்று பெயரிடலாகாது. மருத்துவம் செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் ஏவியிருக்கிறார்கள்.

மறதியை எடுத்துக்கொள்வோம். லுஹர் தொழுத உம்மா சற்று நேரத்தில் மீண்டும் உளூ செய்து லுஹருக்கு நிற்கிறார்கள். எத்தனை ரக்அத் என்று தெரியாமல் அழுகிறார்கள். வீட்டில் உள்ளோர் இதை வஸ்வாஸ் என்கின்றனர். சிலர் ஓதிப்பார்க்க அழைத்துச் செல்கின்றனர். துஆ செய்வதை எவரும் தடுக்கவில்லை. ஆனால் மறதிக்குத் தைராய்டு குறைவும் வைட்டமின் பி12 குறைவும்கூடக் காரணமாகலாம். சர்க்கரை நோய்க்காக மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல்லாண்டு உட்கொள்பவருக்கு பி12 குறையக்கூடும். எளிய இரத்தப் பரிசோதனை இதைக் காட்டிவிடும். நேற்றுவரை தெளிவாக இருந்தவர் ஓரிரு நாளில் பிதற்றத் தொடங்கினால், சிறுநீர்த் தொற்றோ உடலில் உப்புச்சத்துக் குறைவோ புதிய மாத்திரையோ காரணமாக இருக்கக்கூடும். அதை அவசர நோயாகக் கருதி உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும்.

உண்மையாகவே மறதி நோய் என்று தெரியவந்தால், அந்த மனிதரைத் திருத்த முயலாதீர்கள். சிந்தை தவறியவர் மீது மார்க்கம் கேள்வி வைக்கவில்லை. தொழுகையை மறந்ததற்காக அவர்களைக் கடிந்துகொள்ள நமக்கு உரிமை இல்லை. ஆனால் எத்தனையோ விஷயங்களை மறந்தவர்களும் சிறுவயதில் ஓதிய சூராவை உடன் ஓதுவதைப் பல வீடுகளில் காணலாம். அருகில் அமர்ந்து மெல்ல ஓதுங்கள். அது அவர்களுக்கு அமைதி தரும்.

காது கேளாமையும் இவ்வாறே அலட்சியப்படுத்தப்படுகிறது. கண்ணாடி அணியக் கூசாத நாம் காது மிஷின் அணிவிக்கக் கூசுகிறோம். கேட்காதவர் பேச்சில் கலந்துகொள்ள மாட்டார், ஒதுங்குவார், ஒதுங்கியவரின் மனம் சோரும். கேளாமையைக் கவனியாமல் விடுவது மறதி நோய்க்கான வாய்ப்பை அதிகரிப்பதாக மருத்துவ ஆய்வுகள் கூறுகின்றன. பாங்கோசை கேட்கவில்லை என்று வாப்பா சொன்னால், மோதினாரின் ஒலிபெருக்கியைக் குறை சொல்வதற்கு முன்னர் காதைப் பரிசோதித்துப் பாருங்கள்.

வீழ்ச்சியைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதுமையில் இடுப்பெலும்பு முறிந்தால், பலர் பழைய நடையைத் திரும்பப் பெறுவதில்லை. அவர்களைப் படுக்கையில் தள்ளுவது பெரும்பாலும் ஈரமான தரை, இருட்டான நடை, சுருண்டு கிடக்கும் பாய், உயரமான வாசற்படி ஆகியவையே. கழிப்பறைச் சுவரில் கைப்பிடிக் கம்பி, இரவு முழுதும் எரியும் சிறு விளக்கு, உளூ செய்யுமிடத்தில் வழுக்காத விரிப்பும் முக்காலியும் போதும். வீட்டு முகப்புக்கு லட்சங்கள் செலவிடும் நம்மால் இது இயலாதா?

உணவிலும் ஒரு வார்த்தை. பல்லில்லை, பசியில்லை என்று காலையில் தேநீரும் ரஸ்கும், இரவில் கஞ்சியும் என்று பல முதியோர் நாட்களைக் கடத்துகின்றனர். தசை கரைவதற்கும் கால் தள்ளாடுவதற்கும் இதுவும் ஒரு காரணம். முட்டை, மீன், பருப்பு, பால், தயிர் இவற்றுள் ஒன்றேனும் ஒவ்வொரு வேளையும் மென்மையாகச் சமைத்துத் தரப்படவேண்டும். சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு மட்டும் மருத்துவரிடம் அளவு கேட்டுக்கொள்ளவேண்டும்.

தண்ணீர் குடிக்க அஞ்சும் உம்மாக்கள்

நம் வீட்டுப் பெரியவர்களிடம், குறிப்பாகப் பெண்களிடம், வெளியில் சொல்லப்படாத ஒரு துன்பம் உண்டு. சிறுநீரை அடக்க இயலாமை. இருமினால் கசிகிறது, கழிப்பறையை அடைவதற்குள் ஆடை நனைகிறது. உளூ முறிந்துவிடுமே, ஆடை அசுத்தமாகிவிடுமே, மூட்டுவலியுடன் மீண்டும் எழுந்து செல்லவேண்டுமே என்று அஞ்சி அவர்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிடுகின்றனர். அதனால் மலச்சிக்கலும் சிறுநீர்த் தொற்றும் மயக்கமும் வருகின்றன. வெட்கத்தால் பெற்ற மகளிடம்கூட இதைச் சொல்வதில்லை.

இதற்கு மருத்துவமும் உண்டு. மார்க்கத்தில் சலுகையும் உண்டு. தொடர்ந்து சிறுநீர் கசியும் நோயுள்ளவர் தொழுகை நேரம் வந்த பின்னர் சுத்தம் செய்து உளூ செய்துகொண்டால் போதும். அதன் பிறகு கசிவதால் அவருடைய தொழுகை பாழாவதில்லை. ஹனஃபி மத்ஹபில் அந்த உளூ அந்த வக்து முடியும்வரை செல்லும்; ஷாஃபிஈ மத்ஹபில் ஒவ்வொரு ஃபர்ளுக்கும் ஓர் உளூ. இந்த ஒரு சட்டத்தைத் தெளிவாக விளக்கிச் சொன்னால், எத்தனையோ உம்மாக்கள் நிம்மதியாகத் தண்ணீர் குடிப்பார்கள். ஆலிமாக்கள் பெண்கள் மஜ்லிஸ்களில் இதைப் பேசவேண்டும்.

நின்று தொழ இயலாதவர் அமர்ந்தும், அமர இயலாதவர் படுத்தும் தொழலாம் என்பதும் நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்ததே. மூலநோயால் துன்புற்ற இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு அவர்கள் அளித்த விடை புகாரியில் பதிவாகியுள்ளது. முட்டி தேய்ந்த நிலையிலும் நாற்காலியில் தொழுவதைக் குறையாக எண்ணி வலியைச் சகிக்கும் பெரியவர்களுக்கு இதை அன்போடு எடுத்துரைப்பது பிள்ளைகளின் கடமை.

ரமளானுக்கு முன்னரே பேசுங்கள்

ஐம்பது அறுபது ஆண்டுகளாக ஒரு நோன்பையும் விடாதவரிடம் ‘இவ்வாண்டு வேண்டாம்’ என்று சொல்வது எளிதன்று. அவர் அதை இழப்பாக உணர்கிறார். ஆகவே, ரமளான் பிறை தெரிந்த இரவில் வீட்டில் சண்டையிடுவதை விட, ஒன்றரை, இரண்டு மாதங்களுக்கு முன்னரே அவரை மருத்துவரிடம் அழைத்துச் சென்று கேளுங்கள். நோன்பு நோற்கலாம் என்றால், மாத்திரையின் நேரத்தையும் அளவையும் மருத்துவரே மாற்றித் தரட்டும்; நாமாகக் குறைக்க வேண்டாம்.

சர்க்கரை நோயாளிகள் நோன்பின்போது விரலில் குத்திச் சர்க்கரை அளவு பார்ப்பதால் நோன்பு முறியாது என்று இக்கால அறிஞர்கள் தெளிவுபடுத்தியுள்ளனர். அளவு 70க்குக் கீழே இறங்கினாலோ 300க்கு மேலே சென்றாலோ நோன்பை முறித்துவிட வேண்டும் என்பது மருத்துவ வழிகாட்டல். இன்னும் ஒரு மணி நேரம்தானே என்று பொறுத்திருப்பது உயிருக்கே ஆபத்தாகலாம். தீராத நோயாலும் முதுமையாலும் நோற்க இயலாதவர், நாளொன்றுக்கு ஓர் ஏழைக்கு உணவளிக்கும் ஃபித்யாவை நிறைவேற்றட்டும். அந்த ஃபித்யாவைப் பிள்ளைகள் தாமாகக் கணக்கிட்டு அனுப்பிவிடாமல், முதியவரின் கையாலேயே கொடுக்கச் செய்யுங்கள். ரமளானில் தமக்கும் பங்குண்டு என்ற நிறைவு அவர்களுக்குக் கிடைக்கும்.

வெளிநாட்டில் இருப்போருக்கு

விடுமுறையில் ஊர் வரும் நாட்கள் நம்மில் பலருக்கு நிக்காஹ் வீடுகளிலும் விருந்துகளிலும் கட்டட வேலையிலும் கரைந்துவிடுகின்றன. உம்மாவின் கண்புரை அறுவையை மட்டும் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்கிறோம். இந்த வரிசையை மாற்றுவோம். விடுமுறையின் முதல் வாரம் பெற்றோருக்கு. கண், காது, பல், இரத்தம், இதயம் என்று எல்லாவற்றையும் பார்த்துவிடுவோம். அவர்கள் உட்கொள்ளும் மாத்திரைகள் அனைத்தையும் ஒரே தாளில் எழுதி, ஒரே மருத்துவரிடம் காட்டுவோம். மூட்டுக்கு ஒருவர், சர்க்கரைக்கு ஒருவர், மருந்துக்கடைக்காரர் தந்தது ஒன்று என்று சேர்ந்துவிட்ட மாத்திரைகளில் சில ஒன்றோடொன்று மோதும். கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரை நாள்பட்டால் சிறுநீரகத்தையும் குடலையும் கெடுக்கும். அந்தத் தாளின் படம் ஒவ்வொரு பிள்ளையின் கைப்பேசியிலும் இருக்கட்டும்.

தொலைபேசியில் ‘நல்லா இருக்கீங்களா?’ என்று கேட்டால், ‘அல்ஹம்துலில்லாஹ், நல்லா இருக்கேன்’ என்றே விடை வரும். தூரத்தில் இருக்கும் பிள்ளையைக் கலங்கச் செய்யலாகாது என்று அவர்கள் நினைக்கிறார்கள். ஆகவே கேள்வியை மாற்றுங்கள். இன்று என்ன சாப்பிட்டீர்கள், இரவு தூங்கினீர்களா, வெளியே நடந்தீர்களா, யார் வந்தார்கள் என்று கேளுங்கள். பிறகு, அவர்களிடம் ஓர் ஆலோசனை கேளுங்கள். தம் சொல்லுக்கு வீட்டில் இன்னும் இடமுண்டு என்ற உணர்வு, எந்த மருந்தும் தராத பலத்தைத் தரும்.

ஜமாஅத்தும் அரசும்

மக்கா வெற்றியின்போது அபூபக்ர் (ரலி) அவர்கள் பார்வையிழந்த தம் முதிய தந்தை அபூகுஹாஃபா அவர்களை நபி (ஸல்) அவர்களிடம் அழைத்துவந்தார்கள். பெரியவரை வீட்டிலேயே இருக்கவிட்டிருக்கலாம், நாமே அவரிடம் சென்றிருப்போமே என்னும் பொருள்பட நபியவர்கள் சொன்னார்கள். ஒரு நாட்டையே வென்று நுழைந்த தலைவர், முதியவர் ஒருவர் தம்மைத் தேடி நடந்து வந்ததற்கு வருந்தினார்கள். நம் முத்தவல்லிகளும் நிர்வாகிகளும் இதைச் சிந்திக்கவேண்டும். பள்ளிவாசல் வாசலில் சாய்தளம் உள்ளதா? ஹவுளின் ஓரம் வழுக்காமல் இருக்கிறதா? உட்கார்ந்து பயன்படுத்தும் கழிப்பறை ஒன்றேனும் உண்டா? வாரந்தோறும் முதல் ஸஃப்பில் இருந்தவர் மூன்று ஜும்ஆக்களாக வரவில்லை என்றால், ஏன் என்று கேட்டு அவர் வீட்டுக்குச் செல்பவர் யார்? பின்னால் முதியோரும் நோயாளிகளும் இருப்பதால் தொழுகையை நீட்டாதீர் என்ற நபிமொழியை இமாம்கள் அறிவார்கள். அதே பரிவு நிர்வாகத்திலும் வேண்டும்.

நம் அண்டை மாநிலமான கேரளத்தில், 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி மற்றும் நோய்த்தணிப்புச் சேவை, அக்கம்பக்கத்து மக்களையே தொண்டர்களாக்கி மலப்புறம் முதலிய மாவட்டங்களில் வீடு வீடாகப் பரவியது. 2008இல் அம்மாநில அரசு இதற்கென ஒரு கொள்கையையே வகுத்தது. அங்கே எல்லாச் சமயத்தாரும் சேர்ந்து, படுக்கையில் இருப்பவரின் புண்ணைச் சுத்தம் செய்கின்றனர். குடும்பத்தாருக்குப் பயிற்சி அளிக்கின்றனர். நம் மஹல்லாக்களிலும் பைத்துல்மால்கள் உள்ளன; வேலை தேடும் இளைஞர்களும் ஓய்வுபெற்ற செவிலியர்களும் உள்ளனர். ஒரு சக்கர நாற்காலி, ஒரு வாக்கர், காற்றுப் படுக்கை ஒன்று, இரத்த அழுத்தமானி ஒன்று ஆகியவற்றை வாங்கி, தேவைப்படும் வீட்டுக்கு இரவல் தருவதில் தொடங்கலாம். அதற்குப் பெரிய நிதி தேவையில்லை.

அரசு தருவதையும் கேட்டுப் பெறவேண்டும். 2021 ஆகஸ்ட் மாதம் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இரத்த அழுத்தம், சர்க்கரை நோய் மருந்துகள் வீட்டுக்கே வருகின்றன. இயன்முறைச் சிகிச்சையும் உண்டு. முதியோருக்கான உதவி எண் 14567. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் 2007இன்படி, கைவிடப்பட்ட பெற்றோர் வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுத்துப் பராமரிப்புத் தொகை பெறலாம். கவனித்துக்கொள்வார் என்ற நிபந்தனையுடன் எழுதிக்கொடுத்த சொத்தை, அவர் கவனியாதபோது ரத்து செய்யவும் அச்சட்டத்தின் 23ஆம் பிரிவு வழி செய்கிறது. ஆகவே பெரியவர்களிடம் நாம் ஒன்று வேண்டுகிறோம்: உயிருடன் இருக்கும்போதே இருப்பதையெல்லாம் ஒரு பிள்ளைக்கு எழுதிக்கொடுத்துவிட்டுக் கையேந்தும் நிலைக்கு வந்துவிடாதீர்கள். ஒரு பிள்ளைக்கு மட்டும் கொடுத்த அன்பளிப்புக்குச் சாட்சியாக இருக்க நபி (ஸல்) அவர்கள் மறுத்தார்கள் என்பதையும் மறவாதீர்கள்.

ஆனால் நம் பெற்றோர் சட்டத்தின் வாசலுக்குச் செல்ல நேர்வது நம் சமுதாயத்துக்கு அழகன்று. அந்த வாசல் தேவைப்படாத வீடுகளை அமைப்பதே நம் பொறுப்பு.

இன்றே தொடங்குவோம்

ஒரு மனிதர் போருக்குச் செல்ல அனுமதி கேட்டு வந்தபோது, பெற்றோர் உயிருடன் உள்ளனரா என்று கேட்டு, அவர்களிடமே பாடுபடுமாறு நபி (ஸல்) அவர்கள் திருப்பி அனுப்பினார்கள். பாடுபடுவது என்றால், நாவால் புகழ்வது மட்டும் அன்று. நகம் வெட்டிவிடுவது, காதில் விழும்படி முகம் பார்த்துப் பேசுவது, படுக்கையில் இருப்பவரை இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பது, மாத்திரைப் பெட்டியைத் திறந்து பார்ப்பது, அலுத்துக்கொள்ளாமல் அதே கதையைக் கேட்பது ஆகியவையே அந்தப் பாடு.

இக்கட்டுரையைப் படித்து முடித்ததும், தூரத்தில் இருப்போர் ஒரு முறை பெற்றோருடன் பேசுங்கள். உடன் பிறந்தோருடன் பங்கீட்டைப் பற்றிப் பேசுங்கள். அருகில் இருப்போர் கழிப்பறை விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். வீட்டில் பணிவிடை செய்யும் பெண்ணிடம் ‘நீ சற்று ஓய்வெடு, இன்று இரவு நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று ஆண்கள் சொல்லுங்கள்.

யா அல்லாஹ்! சிறு வயதில் எங்களை வளர்த்து ஆளாக்கிய எங்கள் பெற்றோருக்கு ஆரோக்கியத்தையும் ஈமானையும் நிறைவாக வழங்குவாயாக. அவர்களின் முதுமையில் எங்களை அவர்களுக்குப் பாரமாக்கிவிடாதே, துணையாக ஆக்குவாயாக. மறைந்துவிட்ட பெற்றோரின் கப்ரை விசாலமாக்குவாயாக. ஆமீன்.